மேப்பிள் பாணி: யார் யாரிடம் படித்தது?



போன கிழமை நான் இங்கே மூன்று வரி எழுதியிருந்தேன். மேப்பிள் பாணி காய்ச்சுவது இந்தக் கண்டத்துப் பூர்வகுடிகளின் கலை, வந்தேறிய வெள்ளையர் அவர்களிடம் படித்தார்கள் என்று. அதற்கு என்னுடைய பழைய மாணவர் ஒருவர், இப்போது எஞ்சினியர், இப்படிப் பதில் போட்டிருந்தார்: "ரீச்சர், அந்தச் சனத்திட்ட இரும்புச் சட்டியே இருக்கேல்லை. சட்டி இல்லாமல் நாற்பது வாளித் தண்ணியை ஒரு வாளியாக்கிறது எப்படி? பிரெஞ்சுக்காரன் சட்டியோட வந்த பிறகுதான் இது தொடங்கியிருக்க வேணும்." அதற்குக் கீழே பதினேழு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். அதில் என் பெறாமகன் இரண்டு பேரும் அடக்கம்.

கேள்வி நல்ல கேள்வி. வகுப்பிலும் இவர் இப்படித்தான் கடைசி வாங்கிலிருந்து எழும்பி நிற்பார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இதை நீளமாக எழுதுகிறேன். அவசரமாக இருப்பவர்கள் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வழக்கே அந்த வேலையின் தன்மையில்தான் தங்கியிருக்கிறது.

மகன் வீட்டுப் பின்வளவில் ஒரு சீனி மேப்பிளும் இரண்டு வெள்ளி மேப்பிளும் நிற்கின்றன. ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கிய பலரின் வளவிலும் இப்படி ஒன்றிரண்டு நிற்கும், நாங்கள்தான் கவனிப்பதில்லை. பெப்ரவரி கடைசியில், இரவில் உறைந்து பகலில் இளகத் தொடங்கும் நாட்களில், மரத்தில் துறப்பணத்தால் ஒரு துளை போட வேண்டும். அகலம் 8 மில்லிமீற்றர், ஆழம் 4 அல்லது 5 சென்ரிமீற்றர். நீர் வழிந்து வெளியே வருவதற்காகத் துளை உள்நோக்கிச் சற்று மேலே ஏற வேண்டும். மரம் குறைந்தது 25, 30 சென்ரிமீற்றர் குறுக்களவு இருக்க வேண்டும். இளமரத்தில் கை வைக்கக் கூடாது. துளையில் சின்னக் குழாய் ஒன்றைத் தட்டி, அதில் மூடி போட்ட வாளியைக் கொழுவினால் சரி. சொட்டுச் சொட்டாக விழும்.

ஏன் இரவு உறைய வேண்டும்? மேப்பிள் மரத்தின் தண்டு நார்களுக்குள் நீர் இல்லை, வாயு இருக்கிறது. இரவில் குளிரும்போது அந்த வாயு சுருங்கி, நீர் உள்ளே இழுபட்டு உறைகிறது. பனிக்கட்டிக்குள் வாயு அமுக்குப்பட்டுக் கிடக்கிறது. பகலில் இளகியதும் அந்த அமுக்கம் நீரை வெளியே தள்ளுகிறது. இரவும் பகலும் மாறி மாறி ஒரு பம்பு அடிப்பது போல. தொடர்ந்து குளிராக இருந்தாலும் ஓடாது, தொடர்ந்து சூடாக இருந்தாலும் ஓடாது. நான்கு, ஆறு கிழமைதான் காலம். மரம் மொட்டு வீங்கியதும் நீரின் சுவை கெட்டுவிடும். பிறகு அடுத்த ஆண்டுதான்.

வாளியில் விழுவதைப் பார்த்தால் பச்சைத் தண்ணீர். குடித்தால் நாக்கின் நுனியில் ஒரு மெல்லிய இனிப்பு, அவ்வளவே. சீனி சுமார் 2 வீதம். எங்கள் பனையின் கருப்பநீரில் 10 வீதத்துக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். வேர்மொன்டைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஓர் எளிய கணக்கு வைத்திருந்தார்: 86ஐ நீரிலுள்ள சீனி வீதத்தால் பிரித்தால், ஒரு பங்கு பாணிக்கு எத்தனை பங்கு நீர் வேண்டும் என்று வரும். 2 வீதம் என்றால் 43. வெள்ளி மேப்பிளில் இனிப்பு இன்னும் குறைவு. இந்த முறை நாங்கள் சேர்த்தது 90 லீற்றர். காய்ச்சி முடிய இரண்டு லீற்றர் தேறவில்லை.

நீரின் கொதிநிலையை விட 4 பாகை செல்சியஸ் ஏறும்வரை, அதாவது சுமார் 104 பாகை வரை காய்ச்ச வேண்டும். அப்போது சீனி 66 வீதம். முந்தி இறக்கினால் புளித்துப் போகும், பிந்தினால் போத்தலுக்குள் கட்டி கட்டியாக உறையும். அடியில் மணல் மாதிரி ஒரு வண்டல் தங்கும், அதைக் கம்பளித் துணியில் சூட்டோடு வடிக்க வேண்டும். வீட்டுக் குசினிக்குள் காய்ச்சாதீர்கள். 88 லீற்றர் ஆவியாக எங்கே போகும்? சுவரிலும் அலுமாரியிலும் பிசுபிசுவென்று ஒட்டும். வெளியில் வைத்துத்தான் காய்ச்ச வேண்டும், அதுவும் நகரத்துக்குள் விறகு மூட்ட அனுமதி இல்லாதபடியால் காஸ் அடுப்பில். காசுக் கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு.

ஊரில் கருப்பநீர் இறக்கியவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே தெரியும். பனையில் பாளையைச் சீவி, முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயிலில் பொழுது ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். இங்கே சுண்ணாம்பு தேவையில்லை, குளிரே காவல். ஆனால் விறகுச் செலவு பல மடங்கு. என் மாணவர் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். இவ்வளவு நேரம் கொதிக்கப் பெரிய உலோகப் பாத்திரம் வேண்டாமா?

இதை அவர் மட்டும் கேட்கவில்லை. 1980களில் அமெரிக்கத் தொல்லியலாளர் சிலரும் இதே வாதத்தை எழுத்தில் வைத்தார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முந்திய காலத்துச் சீனித்தோப்பு என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடிய இடம் மண்ணுக்குள் அகப்படவில்லை என்பது அவர்கள் பக்கத்து வலுவான புள்ளி. அகப்படுவதும் கஷ்டம். மரப்பட்டைப் பாத்திரம், மரத்தொட்டி, சாம்பல் எல்லாம் ஈரக்காட்டில் என்ன எஞ்சும்?

ஆனால் சட்டி என்றால் இரும்புதான் என்று யார் சொன்னது? பெரிய ஏரிகளைச் சுற்றியிருந்த மக்கள் ஐரோப்பியக் கப்பல் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியே மண்பானை வனைந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் மண் அடுப்பில் மண்சட்டி வைத்துக் குழம்பு வற்றவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பானை இல்லாவிட்டாலும் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கல்லை மரத்தொட்டிக்குள் போட்டுக் கொதிக்கவைக்கலாம். இரவில் தொட்டியை வெளியே விட்டு, காலையில் மேலே படிந்த பனிக்கட்டியைத் தூக்கி எறியலாம். உறைவது பெரும்பாலும் தண்ணீர்தான், சீனி கீழே மிஞ்சிய நீரில் தங்கிவிடும். நெருப்பே இல்லாமல் பாதி வேலை முடிந்தது. உலோகச் சட்டி வந்த பிறகு அளவு பெருகியது என்பது உண்மை. நானும் அதை மறுக்கவில்லை. சட்டி வந்ததால் கலை பிறந்தது என்பது வேறு பேச்சு.

எழுத்துச் சான்றுக்கு வருவோம். சரித்திர வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கும்: காலத்தால் நெருங்கிய சாட்சியை முதலில் கூப்பிட வேண்டும். லண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் 1680களின் நடுவில் கனடாவின் மேப்பிள் சீனி பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அங்குள்ள பூர்வகுடிகள் இதை, தங்களில் உயிரோடு இருக்கும் எவருக்கும் நினைவு எட்டாத காலத்திலிருந்து செய்து வருகிறார்கள் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. எழுதியவர் ஐரோப்பியர், வாசித்தவர்களும் ஐரோப்பியர். பூர்வகுடிகளுக்குப் பெருமை சேர்க்க வேண்டிய தேவை இரண்டு பகுதிக்கும் இல்லை.

அடுத்த சாட்சி இன்னும் சுவையானது. லாபிதோ என்ற இயேசு சபைக் குருவானவர் மொன்றியலுக்கு அருகே பூர்வகுடிகளோடு பல ஆண்டுகள் இருந்து, 1724இல் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அதில் பிரெஞ்சுக்காரர் செய்யும் மேப்பிள் சீனி, பூர்வகுடிப் பெண்கள் செய்வதைவிடத் திறம் என்கிறார். தன் ஆட்களுக்குப் புகழ்மாலை போடுகிறார். ஆனால் அதே வசனத்தில், அந்தப் பெண்களிடமிருந்துதான் பிரெஞ்சுக்காரர் இதைப் படித்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். தனக்குச் சாதகமில்லாததைத் தன் வாயாலேயே சொல்லும் சாட்சியை வழக்கறிஞர்கள் விடமாட்டார்கள். நானும் விடவில்லை.

மூன்றாவது சாட்சி மொழி. அனிஷினாபே மக்களில் ஒஜிப்வே பேசுவோர் ஏப்ரல் மாதத்துக்கு வைத்த பெயர் இஸ்கிகமிசிகே-கீசிஸ். கீசிஸ் என்றால் நிலவு, மாதம். முன்சொல் மரநீரைக் காய்ச்சி வற்றவைப்பதைக் குறிக்கும் வினை. சீனித்தோப்புக்குச் சொல்லும் இஸ்கிகமிசிகன் என்ற பெயரும் அதே வினையடியில் பிறந்தது, காய்ச்சி வற்றவைக்கும் இடம் என்ற பொருளில். கடன் வாங்கிய பொருட்களுக்கு மொழி என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். அலுமாரி, சப்பாத்து, மேசை, பாண் என்று போர்த்துக்கேயன் விட்டுப்போன பெயரோடேயே வைத்துக்கொண்டோம். ஒஜிப்வே மொழி இந்த வேலைக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் வாங்கவில்லை. மாதத்துக்கே தன் சொல்லைச் சூட்டி வைத்திருக்கிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் மற்ற இரண்டோடு சேர்த்து வைத்தால் பாரம் கூடுகிறது.

சொல் என்றதும் ஒன்று. ஆங்கிலத்தில் சீனிக்குச் சொல்லும் சுகர் எங்கள் பக்கத்துச் சொல்தான். சமஸ்கிருத சர்க்கரா, பாரசீகம், அரபு வழியாக நடந்து ஐரோப்பா போனது. ஜாகரி என்பதும் அதே வேரில், போர்த்துக்கேயர் மலையாளக் கரையில் பொறுக்கியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அனிஷினாபே மக்களிடம் ஒரு கதை உண்டு. ஆதியில் மேப்பிள் மரத்தைக் கீறினால் கெட்டிப்பாணியே வழியுமாம். நானபோசோ என்ற அவர்களின் தெய்வப் பிறவி ஒரு நாள் ஊருக்குள் வந்து பார்த்தால் ஊரில் ஒருவரும் இல்லை. வயல் தூர்ந்து கிடக்கிறது, மீன்வலை காய்கிறது. எல்லாரும் தோப்புக்குள் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து பாணியை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நானபோசோ வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி மரத்துக்குள் ஊற்றி, பாணியை நீராக்கிவிட்டார். இனி வேலை செய்தால்தான் இனிப்பு, அதுவும் ஆண்டில் ஒருமுறை. சிலருக்கு இது சின்னப்பிள்ளைக் கதை. எனக்கு இது நீரில் சீனி மிக மிகக் குறைவு, பருவம் குறுகியது, வற்றவைப்பது பெரும்பாடு என்ற மூன்று தகவலையும் எழுத்தில்லாமல் பேரப்பிள்ளைக்குக் கையளித்த பாடநூல்.

இன்னொரு கதையும் உலாவுகிறது. தலைவர் ஒருவர் கோடரியை மரத்தில் எறிந்தார், வழிந்த நீரை மனைவி தண்ணீர் என்று நினைத்து இறைச்சி அவித்தாள், இனித்தது என்று. சுற்றுலாக் கடைகளில் எல்லாம் இதை அச்சடித்து வைத்திருப்பார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சஞ்சிகையில் வெள்ளை எழுத்தாளர் ஒருவர் எழுதியது. ஆணின் கோடரியில் தற்செயலாகப் பிறந்த கலை என்ற அந்தக் கதை எனக்குப் பிடிப்பதில்லை. உண்மையில் இந்த வேலையின் சொந்தக்காரர்கள் பெண்கள்.

அலெக்சாண்டர் ஹென்றி என்ற தோல் வியாபாரி 1760களில் சூப்பீரியர் ஏரிக்கு அருகே ஒஜிப்வே குடும்பங்களோடு ஒரு சீனிப் பருவம் முழுவதும் காட்டில் இருந்து, பார்த்ததை எழுதிவைத்தார். மரத்தைக் கீறி நீர் சேர்ப்பதும் காய்ச்சுவதும் பெண்கள். ஆண்கள் விறகு வெட்டினார்கள், வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள். பேர்ச் மரப்பட்டையில் செய்த பாத்திரங்களில் நீரைப் பிடித்து, கடமான் தோலில் தைத்த பெரிய தொட்டிகளில் தேக்கிவைத்தார்கள். பருவம் முடிந்து கோட்டைக்குத் திரும்பியபோது தராசில் நிறுத்துப் பார்த்தால் 1,600 றாத்தல் சீனி. அதைவிட 36 கலன் பாணி. காட்டில் இருந்த நாட்களில் தாங்களே தின்று தீர்த்தது 300 றாத்தல் இருக்கும் என்கிறார். அந்த நாட்களில் சீனியே முக்கிய உணவு, வேறொன்றும் இல்லாமல் அதை மட்டும் தின்று கொழுத்தவர்களைத் தனக்குத் தெரியும் என்றும் எழுதுகிறார்.

கவனித்தீர்களா, சீனி 1,600 றாத்தல், பாணி சும்மா 36 கலன். இன்று எங்களுக்கு மேப்பிள் என்றால் போத்தல் பாணி. அன்று அது கட்டிச்சீனி, அல்லது மரத்தொட்டியில் துடுப்பால் அரைத்து அரைத்து எடுத்த மணற்சீனி. காரணம் எளிது. போத்தலும் தகரப்பேணியும் இல்லாத இடத்தில் பாணி புளிக்கும், சீனி கெடாது. மரப்பட்டைப் பெட்டியில் அடைத்து ஆண்டு முழுக்க வைத்திருக்கலாம், தோளில் தூக்கிப் போகலாம், விற்கலாம். பனம்பாணியைச் சில முட்டிகளில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பனங்கட்டியாக்கிக் குட்டானில் அடைத்த எங்கள் பெண்களும் இதே காரணத்துக்காகத்தான் செய்தார்கள். இறைச்சிக்கும் மீனுக்கும் கூட ஒஜிப்வே மக்கள் மேப்பிள் சீனியைச் சேர்த்தார்கள். உப்பு அவர்களுக்குப் பிறகு பழகிய சாமான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் தோப்பு இருந்தது. ஆண்டுதோறும் அதே இடத்துக்கு வருவார்கள், பாத்திரங்களைக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள், மற்றவர் தொடமாட்டார்கள். உறுதி எழுதாத காணி.

இனி, 1791. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே எங்கள் ஆட்களும் வருகிறார்கள்.

அந்த நாளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தின்ற சீனி கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் செத்துச் செத்து விளைவித்தது. பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், 1791இல் தோமஸ் ஜெபர்சனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அதை அறிஞர் சபையில் வாசித்தார். மேப்பிள் சீனியைப் பெருக்கினால் கரும்புச் சீனி தேவையில்லை, அடிமை முறையும் தானாக விழும் என்பது அதன் சாரம். ஹென்றி டிரிங்கர் என்ற குவேக்கர் வணிகரும், நியூயோர்க் மாநிலத்துக் காட்டில் நிலம் விற்ற வில்லியம் கூப்பரும் சேர்ந்து, குடியேறியவர்களைச் சீனி காய்ச்சவைத்து நகரத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒல்லாந்து முதலாளிகள் அனுப்பிய ஒருவர் மரங்களிலிருந்து மரப்பீலிகளைத் தொடுத்து நீரை ஓரிடத்துக்கு ஓடவைக்க முயன்றார். பீலி வெயிலில் நெளிந்து ஒழுகியது.

ஜெபர்சனுக்கு ஆசை பிடித்தது. பிள்ளைகளின் கைவேலையே போதும் என்று நண்பருக்கு எழுதினார். அதே ஆண்டு தன் மொன்டிசெலோ தோட்டத்தில் நட 60 சீனி மேப்பிள் கன்றுகளை நியூயோர்க் நாற்றுமேடை ஒன்றில் வாங்கினார். வேர்ஜீனியாவின் வெப்பத்தில் அவை பெரும்பாலும் பட்டுப்போயின. அடிமைகள் விளைவிக்காத சீனிக்காக வாங்கிய கன்றுகளுக்கு அந்தத் தோட்டத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்ற யார் இருந்தார்கள்? அவரே நூற்றுக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர். அமெரிக்கச் சரித்திரம் படிப்பித்த ஒருவருக்கு இந்த இடத்தில் குரல் தடித்துவிடும்.

திட்டம் ஏன் தோற்றது என்று காய்ச்சிப் பார்த்தவருக்குத் தெரியும். பருவம் ஒரு மாதம். எந்த நாள் ஓடும் என்று ஆகாயம்தான் சொல்லும். மரங்கள் காடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. முழங்காலளவு பனியில் வாளி தூக்க வேண்டும். தன் வீட்டுத் தேவைக்குக் குடும்பமாகச் செய்பவருக்கு இது பொருந்தும். பெருந்தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்காது. என்றாலும் வடமாநில விவசாயிகள் விடவில்லை. அடிமை முறைக்கு எதிரானவர்கள் மேசையில் மேப்பிள் சீனி வைப்பதைக் கொள்கையாகவே பிடித்தார்கள். 1860 அமெரிக்கக் குடிசனக் கணக்கில் மேப்பிள் சீனி சுமார் 4 கோடி றாத்தல். அதுதான் உச்சம்.

அதே 1860, நவம்பர் மாதம், மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பனில் கரை தட்டியது. இறங்கியவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரும் தெலுங்கரும். பிரித்தானியப் பேரரசு 1834இல் அடிமை முறையை ஒழித்ததும் மொரீசியசின் கரும்புக்கு இந்தியக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். பிறகு கரீபியன், நேட்டால், பீஜி. மதராசிலிருந்து பீஜிக்கு 1903இல். அந்தப் பெண்களை நினைத்துத்தான் பாரதி பாடினார். ரஷ் எதிர்பார்த்தது போலக் கரும்பு விழவில்லை, ஆட்களை மாற்றிக்கொண்டது. கரும்புச் சீனியின் விலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சரியச் சரிய மேப்பிள் சீனி சந்தையிலிருந்து ஒதுங்கியது. அதை மலிவாக்கிய கைகளில் எங்கள் கைகளும் இருந்தன. அங்கே வெட்டியவருக்கு இங்கே ஒரு மரம் நிற்பதே தெரியாது.

அதன்பிறகுதான் மேப்பிள் ஓர் ஆடம்பரப் பாணியாக மாறியது. கட்டியாகத் தின்னச் சீனி மலிவாகக் கிடைக்கும்போது, மணத்துக்காக மட்டும் வாங்குவார்கள். தகரப்பேணி வந்தது, பாணி கெடாமல் பயணம் செய்தது. கலப்படமும் கூடவே வந்தது. 1887இல் மினசோட்டாவில் ஒரு மளிகை வியாபாரி கரும்புச் சீனியோடு மேப்பிளைக் கலந்து, மரக்குடில் வடிவத் தகரத்தில் விற்றுப் பெரும் பணம் பார்த்தார். 1906இல் அமெரிக்க உணவுச் சட்டம் வந்த பிறகுதான் உள்ளிருப்பதை வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. இன்றும் கடையில் சிரப் என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சோளப்பாகு. 1950களின் கடைசியில் பிளாஸ்ரிக் குழாய் வந்து, ஒல்லாந்துக்காரரின் பீலிக் கனவை நிறைவேற்றியது. இன்று உலகத்துப் பாணியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கியூபெக்கில். அவர்கள் எண்ணெய் நாடுகள் போலச் சேமிப்புக் கிடங்கே வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து 2011, 2012இல் சுமார் 3,000 தொன் களவு போய், 1 கோடி 80 இலட்சம் டொலர் பெறுமதி என்று உலகச் செய்தியானது. படம் எடுக்கக்கூடிய கதை, ஆனால் இன்றைய கேள்விக்கு வெளியே.

இன்றைய கேள்வி, கற்றுக்கொடுத்தவர்கள் எங்கே போனார்கள் என்பது. எஞ்சினியர் தம்பி, உம்முடைய சந்தேகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தோப்பில் நிற்பவர் இன்று பெரும்பாலும் வெள்ளை விவசாயி. அதைப் பார்க்கும் எவருக்கும் இது அவர் கலை என்றே தோன்றும்.

ரொறன்ரோ நகரம் நிற்கும் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வீடு வாங்கியிருக்கும் மிசிசாகா நகரின் பெயர் அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவின் பெயர். அவர்களிடமிருந்து ரொறன்ரோ நிலத்தை வாங்கியதாகச் சொல்லும் 1787ஆம் ஆண்டு உறுதி, விவரம் நிரப்பாத வெற்றுத் தாள். பிழை தெரிந்து 1805இல் மறுபடி எழுதினார்கள், விலை 10 ஷில்லிங். 2010இல்தான் கனடா அரசு அந்த வழக்கை 14 கோடி 50 இலட்சம் டொலருக்குத் தீர்த்தது. இடைப்பட்ட இருநூறு ஆண்டில் தோப்புகள் வயலாகின, வயல்கள் வீடாகின. உறுதி எழுதாத காணி என்று மேலே சொன்னேனே, அது இப்படித்தான் கைமாறும். காணி உறுதி இல்லாமல், அல்லது இருந்தும், வளவை இழந்த ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

நிலம் போனது ஒரு பாதி. மற்றப் பாதியைச் செய்தது என் தொழில். 1880களிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை கனடாவின் வதிவிடப் பள்ளிகளில் 1,50,000க்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் இதைப் பண்பாட்டு இனவழிப்பு என்றே பெயர் சொல்லி எழுதியது. மார்ச்சும் ஏப்ரலும் பள்ளிக்கூடத் தவணைக் காலம். பாட்டி தோப்பில் நெருப்பு மூட்டும்போது, எந்த மரத்தை எந்த உயரத்தில் கீறுவது, நுரை எந்த நிறத்தில் திரும்பினால் இறக்குவது என்று பார்த்துப் படிக்க வேண்டிய பிள்ளை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு வாங்கில் இருந்தது. இப்படி இரண்டு தலைமுறை போனால் போதும். பிறகு யாரோ வந்து, இவர்களுக்கு இது எப்போது தெரியும் என்று கேட்பார்கள். நாற்பது ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்ற எனக்கு, மேப்பிள் பாணியின் சரித்திரத்தில் கசப்பான பக்கம் கரும்புத் தோட்டமா பள்ளிக்கூடமா என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அறுந்துபோகவில்லை. ஹோடனோசோனி மக்கள் மேப்பிளை மரங்களின் தலைவன் என்று சொல்லி நன்றி செலுத்தும் சடங்கை இன்றும் செய்கிறார்கள். 1837 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தபோது ஒஜிப்வே மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட வேட்டை, மீன்பிடி, காட்டுப்பொருள் சேர்க்கும் உரிமைகள் இன்னும் உயிரோடிருக்கின்றன என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. விஸ்கொன்சினில் லக் கூர்ட் ஒரெய் என்ற ஒஜிப்வே குடியிருப்பில் வாடூகோடாடிங் என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. எல்லாப் பாடமும் ஒஜிப்வே மொழியில். வசந்தம் வந்தால் ஆசிரியரும் பிள்ளைகளும் சீனித்தோப்புக்குப் போகிறார்கள். மரத்தில் குழாய் தட்டுகிறார்கள், வாளி தூக்குகிறார்கள், காய்ச்சுகிறார்கள். அந்த வேலைக்கு அவர்கள் சொல்லும் சொல் நான் மேலே எழுதிய அதே சொல்.

தம்பி, என்னுடைய மூன்று சாட்சியும் இவைதான். றோயல் சங்கக் குறிப்பு, லாபிதோ, மொழி. இரும்புச் சட்டி முந்தியதென்று காட்ட உம்மிடம் இவற்றைவிடப் பழைய சான்று ஏதும் இருந்தால் கீழே போடும், வாசிக்கிறேன். பெறாமக்கள் இருவரும் விருப்பத்தை எடுக்கத் தேவையில்லை.